கியர் ஏன் விழவில்லை?

‘கியர் விழவில்லை’ என்று கார் ஓட்டுநர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கோலை எவ்வளவு தள்ளினாலும் அது உரிய இடத்தில் போய் அமராது. அல்லது ‘கரகர’ என்று அலறும். அல்லது போட்ட கியர் தானாகவே நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். புதிய கார்களில் இத்தொல்லை அரிது. ஐம்பது, அறுபது வயதான கார்களை ஆசையோடு காத்து வருபவர்களுக்கோ இது பழகிய தொல்லை. ராமநாதபுரம், ராமேசுவரம் போன்ற கடலோர ஊர்களில் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

எடுத்துக்காட்டாக ஒரு காரைப் பார்ப்போம். சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961 முதல் ஹெரால்டு என்ற காரைச் செய்து விற்றது. 1959-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் பிறந்த டிரையம்ப் ஹெரால்டுதான் அது. அதன் உடலை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அதே அடிச்சட்டத்தை நீளத்தில் குறைத்து, 1962-ல் இருவர் மட்டும் அமரும் ஸ்பிட்பயர் என்ற பந்தயச் சாயல் கொண்ட காரையும் டிரையம்ப் வெளியிட்டது. 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்பயர்கள் உருவாயின. வேகக் காருக்கும் குடும்பக் காருக்கும் கியர்ப்பெட்டியின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே! நம் ஊர் ஹெரால்டின் கியரைப் பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு ஸ்பிட்பயர் புதிதல்ல.

கோலைத் தள்ளும்போது பற்சக்கரங்களையே நகர்த்தி ஒன்றோடொன்று கோக்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியல்ல. இரண்டாம், மூன்றாம் கியர்களின் பற்சக்கரங்கள் எப்போதும் தம் இணைகளோடு கோத்தே சுழல்கின்றன. ஆனால் அவை தண்டின்மேல் தளர்வாகச் சுற்றுவதால் விசையைக் கடத்துவதில்லை. தண்டோடு சேர்ந்து சுழலும் ஒரு வளையம் பக்கவாட்டில் நகர்ந்து, வேண்டிய சக்கரத்தைப் பற்றிக்கொண்டால்தான் அந்தக் கியர் ‘விழும்’. அந்த வளையத்தை நகர்த்துவது ஒரு கவை. கவையை நகர்த்துவது ஒரு தண்டு. தண்டை நகர்த்துவது உங்கள் கையிலுள்ள கோல்.

ஹெரால்டிலும் ஸ்பிட்பயரிலும் கோல் நேராகப் பெட்டிக்குள் இறங்குவதில்லை. ஓட்டுநரின் கைக்கு எட்டும் தூரத்தில் சற்றுப் பின்னால் அது நிற்கிறது. அதன் அடிமுனை ஓர் இணைப்புத் தண்டின் வழியாகப் பெட்டியோடு பேசுகிறது. இணையும் இடங்களில் ரப்பர், நைலான் போன்றவற்றால் ஆன சிறு புஷ்கள் உண்டு. இந்த மலிவான புஷ்களே பெருந்தொல்லைக்கு மூலம். கோலின் சுழல்மையத்துக்குக் கீழே 4 செ.மீ., மேலே 24 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கீழே புஷ் அரை மில்லிமீட்டர் தேய்ந்தால் மேலே குமிழ் 3 மில்லிமீட்டர் வீணாக ஆடும். நீங்கள் படித்த நெம்புகோல் தத்துவம்தான்! இரண்டு மூன்று புஷ்கள் தேய்ந்துவிட்டால், கை முழுதும் நகர்ந்த பிறகும் பெட்டிக்குள் வளையம் பாதி வழியிலேயே நின்றுவிடும். பாதி கோத்த கியர் எளிதில் நழுவும் அல்லவா?

இனித் துப்பறியும் வேலைக்கு வருவோம். கியர் விழவில்லை என்றால் குற்றவாளி கோலா, பெட்டியா, கிளட்சா? மூன்றும் ஒரே மாதிரி அறிகுறி காட்டுவதால், பொறுமையற்ற மெக்கானிக் முதலில் பெட்டியையே கழற்றிவிடுகிறார். இது வீண் செலவு. ஒரு பைசா செலவில்லாத சோதனை இருக்கிறது.

சமதளத்தில், கைப்பிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். (பற்கள் நேருக்கு நேர் முட்டி நின்றால் காரை ஓரங்குலம் தள்ளிவிட்டு மீண்டும் முயல வேண்டும்.) எல்லாம் ஒழுங்காக விழுந்தால் கோலும் கவைகளும் குற்றமற்றவை. இப்போது எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை முழுதும் மிதித்து முயல வேண்டும். இப்போது மட்டும் விழ மறுத்தால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை என்று பொருள். எஞ்சினின் சுழற்சி சிறிதளவு இன்னும் பெட்டிக்குள் கசிந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கார்களில் கிளட்சை இயக்குவது திரவ அழுத்தம். மிதியடியின் அருகே ஓர் உருளை. கியர்ப்பெட்டியின் பக்கத்தில் மற்றோர் உருளை. இடையே குழாயில் பிரேக் ஆயில். பாஸ்கல் விதி இங்கே கண்முன் வேலை செய்கிறது. மிதியை இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்த பிறகு கியர் எளிதாக விழுந்தால், குழாயில் காற்று புகுந்திருக்கலாம். திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். காலின் விசை காற்றுக் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. காற்றை வெளியேற்றினால் போதும். மறுபடி மறுபடி காற்று புகுந்தால் உருளையின் ரப்பர் தேய்ந்திருக்கும்.

கடலோரம் வேலையைக் காட்டுவது இங்கேதான். மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மண்டபம், பாம்பன் பகுதியில் எந்தப் பக்கக் காற்று வீசினாலும் உப்பைச் சுமந்தே வருகிறது. உலோகத்தின்மேல் படியும் உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு மின்னோட்டம் பாயத்தக்க மெல்லிய திரவப் படலமாகிறது. இரும்பு துருப்பிடிக்க இதைவிட வசதி வேண்டுமா? காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோகங்களின் அரிப்பைச் சோதிக்க மண்டபம் முகாமைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் இதுவே. பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அதில் சேர்ந்த நீர் உருளையின் உட்சுவரை உள்ளிருந்தே அரிக்கிறது. வெளியே உப்பு, உள்ளே நீர். சொரசொரப்பான சுவரில் உராய்ந்து ரப்பர் கிழிகிறது. எனவே கடலோரத்தில் கார் வைத்திருப்பவர் பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றிவிடுவது நல்லது. அங்கே தவறிப்போய் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் உப்பிப் பாழாகிவிடும்.

எல்லாக் கியர்களும் விழுகின்றன. ஒன்று மட்டும் அலறுகிறது என்றால் ‘சிங்க்ரோமெஷ்’ வளையத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஓடும் இரு சைக்கிள்களில் ஒருவர் மற்றவரிடம் பையைக் கொடுக்க வேண்டுமானால் இருவரும் ஒரே வேகத்தில் செல்ல வேண்டும். பற்களும் அப்படியே. கோக்கும் முன் வெண்கலத்தாலான கூம்பு வளையம் ஒன்று பற்சக்கரத்தோடு உராய்ந்து, இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது. அது தேய்ந்தால் வேகம் சமமாகும் முன்பே பற்கள் மோதுகின்றன. அதுதான் அந்த அலறல். தேய்ந்த வளையத்துக்குப் பெட்டியைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அதுவரை சமாளிக்க, பழைய லாரி ஓட்டுநர்களின் தந்திரம் ஒன்று உண்டு. ஸ்பிட்பயரின் மூன்றாம் கியர் விகிதம் 1.39, இரண்டாவது 2.16. மூன்றாவதில் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும்போது, அதே கார் வேகத்தில் இரண்டாவதுக்கு மாற எஞ்சின் 2000 × 2.16 ÷ 1.39, அதாவது சுமார் 3100 சுற்று ஓட வேண்டும். ஓட்டுநர் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வருகிறார். கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை ஒருமுறை அழுத்தி எஞ்சினை அந்த வேகத்துக்குக் கொண்டு வருகிறார். மீண்டும் கிளட்சை மிதித்துக் கியரைப் போடுகிறார். வளையம் செய்ய வேண்டியதைக் காலும் காதும் செய்துவிடுகின்றன.

கியர் நழுவுவது இவற்றுள் ஆபத்தானது. 1988-ல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம், படகுகளும் கப்பல்களும் அடியில் செல்வதற்காக நடுவே உயர்ந்து இறங்குகிறது. இறக்கத்தில் கியர் நழுவினால் எஞ்சினின் பிடிப்பு போய்விடும். ஏற்றத்தில் நழுவினால் பின்னால் வரும் பேருந்துக்கு முன் கார் தயங்கி நிற்கும். கியரை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பது, தண்டிலுள்ள பள்ளத்தில் சுருள்வில்லால் அழுத்தப்பட்டிருக்கும் ஒரு சிறு எஃகுக் குண்டு. வில் தளர்ந்தாலோ பள்ளம் மழுங்கினாலோ பிடிப்பு குறையும். வளையத்தின் பற்கள் மூலை மழுங்கினாலும் நழுவும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியவை புஷ்களும், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மெத்தைகளுமே. மெத்தை நைந்துபோனால் ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சினோடு பெட்டியும் குலுங்கும். கோல் தரைத் துளையின் விளிம்பில் இடித்துக் கியரைத் தட்டிவிடும்.

புஷ் மாற்றக் காரின் அடியில் படுக்க வேண்டியதில்லை. ஹெரால்டிலும் ஸ்பிட்பயரிலும் கியர்ப்பெட்டியின் மேல்மூடியைக் காருக்குள்ளிருந்தே கழற்றலாம். முழுப் பெட்டியையும் அவ்வழியே வெளியே எடுக்கலாம். அரை நாள் வேலையில் கோல் மீண்டும் இறுக்கமாக நிற்கும்.

ஒரு செய்தி மட்டும் மீதமிருக்கிறது. தொடக்கக் கால ஸ்பிட்பயரில் முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ் கிடையாது. கார் ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியரைப் போட்டு அது அலறினால், அது பழுதல்ல. அந்தப் பெட்டியைச் செய்த விதமே அப்படி.