வாடகைத் தெருவில் சொந்தக் கடை

வாணிபம் எவ்வளவு பழையதோ, விளம்பரமும் அவ்வளவு பழையது. மதுரைக்காஞ்சி காட்டும் மதுரையில் நாளங்காடியும் உண்டு, அல்லங்காடியும் உண்டு. தெருக்களில் பலவகைக் கொடிகள் பறந்தன. கொடி என்பது யாது? "இங்கே இன்ன பொருள் கிடைக்கும், வருக" என்று வாய் திறவாமல் விடுக்கும் அழைப்பு. இன்று அந்தக் கொடி நம் உள்ளங்கையிலுள்ள கைப்பேசிக்குள் பறக்கிறது. அதைக் கட்டும் தொழிலுக்கு டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று பெயர்.

நம் மன்றத்துத் தோழியர் சிலர், படிப்பு முடிந்ததும் இத்துறையில் இறங்க எண்ணியிருப்பதாக என்னிடம் கூறினர். அவர்களை நினைத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் இத்துறையில் வல்லவள் அல்லள். திருப்பூணித்துறையில் வடாமும் பருப்புப் பொடியும் செய்து விற்கும் என் சித்திக்கு உதவப் போய், ஒரு முறை ஏமாந்து, அதன் பிறகு கற்றுக்கொண்டவள். ஏமாந்தவர் சொல்லும் பாடம் எளிதில் மறக்காது அன்றோ!

பத்தாயிரம் பேர் வந்த கதை

சித்தியின் வடாம் அக்கம்பக்கத்தில் பெயர் பெற்றது. காக்கநாட்டில் கணிப்பொறி வேலைக்கு வந்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் அது போய்ச் சேர வேண்டும் என்பது அவர் ஆசை. விளம்பர முகவர் ஒருவர் வந்தார். "இன்ஸ்டாகிராமில் பக்கம் திறந்து தருகிறேன், ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேர் உங்களைப் பின்தொடர்வார்கள்" என்று கூறி ஆறாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டார். சொன்ன சொல் தவறவில்லை. பத்தாயிரம் பேர் வந்தனர். ஆனால் ஒருவரும் வடாம் கேட்கவில்லை!

"பத்தாயிரம் பேர் வந்தாளாம். ஒருத்திக்குக்கூடப் பசிக்கலையாடீ?" என்று சித்தி என்னைக் கேட்டார். நான் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பெரும்பாலானவற்றில் முகமும் இல்லை, ஊரும் இல்லை. விலைக்கு வாங்கப்பட்ட பொய்க் கணக்குகள் அவை. அதைவிடப் பெரிய இடி பின்னர் வந்தது. முகவரை விலக்கிவிட்டு நாங்களே நடத்தலாம் என்று முனைந்தபோதுதான், அந்தப் பக்கமே அவருடைய மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருந்தது தெரிந்தது. சித்தியின் பெயர், சித்தியின் கைப்பக்குவம், சித்தி எடுத்த படங்கள். சாவியோ வேறொருவர் கையில். அதை அப்படியே விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம்.

திருப்பூணித்துறை அத்தச்சமய ஊர்வலத்தைக் கண்டவர்களுக்கு ஒன்று விளங்கும். ஓணத்தைத் தொடங்கி வைக்கும் அந்த அத்த நாளில் தெரு முழுவதும் மனிதத் தலைகள். அவ்வளவு கூட்டமும் கடைகளைக் கடந்து செல்கிறது. கடைக்குள் நுழைவோர் சிலரே. ஆண்டு முழுதும் கடையைக் காப்பவர், பெயர் சொல்லி விசாரித்துப் பொருள் வாங்கும் நாற்பது ஐம்பது வாடிக்கையாளர்தாம். கைப்பேசித் தெருவிலும் இதே நியதிதான்.

கொடி கட்டும் முறை

இணையத்தில் பட்டை விளம்பரம் முதன்முதலாகத் தோன்றியது 1994-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில். ஹாட்வயர்டு என்னும் அமெரிக்க இணைய இதழில். கூகுள் நிறுவனம் தன் விளம்பரத் திட்டத்தை 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கியது. இவ்விரண்டிலிருந்தே இன்றுள்ள இரு பெரு வழிகளும் கிளைத்தன என்று கொள்ளலாம்.

ஒன்று, தேடுவோர் முன் நிற்பது. "கொச்சியில் நல்ல வடாம் எங்கே கிடைக்கும்" என்று ஒருவர் தேடும்போது நம் பெயர் வந்து நிற்க வேண்டும். அவர் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார். மற்றொன்று, தேடாதவர் முன் தோன்றுவது. பேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ நண்பரின் திருமணப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணில் நம் வடாம் படுகிறது. அவருக்கு ஆசையை நாம்தான் உண்டாக்க வேண்டும். முன்னது தாகத்தோடு வருபவருக்குத் தண்ணீர்ப் பந்தல். பின்னது வழிப்போக்கரை நிறுத்தும் மணியோசை.

தேடல் விளம்பரத்தில் யார் பெயர் முதலில் வரும்? ஒவ்வொரு தேடலின்போதும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓர் ஏலம் நடக்கிறது. மிகுந்த பணம் கேட்டவரே வெல்வார் என்பதில்லை. விளம்பரம் தேடியவரின் வினாவுக்குப் பொருந்துகிறதா, அழுத்தி உள்ளே வந்தவருக்குச் சொன்ன பொருள் கிடைக்கிறதா என்பவற்றையும் கூகுள் கணக்கில் சேர்க்கிறது. ஆகையால் சிறு வணிகர், பொருத்தமாகவும் உண்மையாகவும் எழுதினால், பெரு வணிகரோடு ஓரளவு போட்டியிட முடியும். தமிழ் எழுதத் தெரிந்தவருக்கு இங்கே வேலை உண்டு என்பதை மன்றத்தார் குறித்துக்கொள்க.

இனிக் கணக்கு. சித்திக்காக ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு வார விளம்பரம் செய்தேன். திருப்பூணித்துறை, காக்கநாடு வட்டாரத்தில் தமிழ் மொழியில் கைப்பேசி வைத்திருப்போருக்கு மட்டும் அது தெரியுமாறு அமைத்தேன். கண்டவர் ஏறத்தாழ நாலாயிரம் பேர். அழுத்தியவர் எண்பது பேர். வாட்ஸ்அப்பில் விலை கேட்டவர் பத்துப் பேர். வாங்கியவர் நால்வர்! ஆக, ஒரு வாடிக்கையாளரைப் பெற நாங்கள் கொடுத்த விலை 125 ரூபாய். ஒரு பொட்டலத்தில் சித்திக்கு மிஞ்சுவது 40 ரூபாய். நால்வரும் ஒரு முறை வாங்கிப் போய்விட்டால் கைக்கு வருவது 160 ரூபாய், நட்டம் 340. ஒவ்வொருவரும் நான்கு முறை வாங்கினால் வருவது 640 ரூபாய், இலாபம் 140.

இத்தொழிலின் உயிர்நாடி இந்தக் கணக்கில் இருக்கிறது. விளம்பரம் ஒருவரை ஒரு முறை அழைத்து வரும். இரண்டாம் முறை அவரை அழைத்து வருவது வடாமின் மொறுமொறுப்பும், சொன்ன நாளில் பொருள் சேர்வதும், "சென்ற முறை உப்பு சரியாக இருந்ததா?" என்று கேட்கும் சித்தியின் ஒரு வரிச் செய்தியுமே ஆகும்.

சேற்றில் பிறந்த பொம்மை

பணத்தைவிடக் கதை வலியது என்பதை நம் எறணாகுளம் மாவட்டத்திலேயே ஒரு பெண்மணி காட்டியிருக்கிறார். திருப்பூணித்துறையிலிருந்து கோட்டயம் செல்லும் ரயிலில் முளந்துருத்தியைத் தாண்டினால் காஞ்ஞிரமற்றம் வரும். அவ்வூரைச் சேர்ந்த வடிவமைப்பாளர் லக்ஷ்மி மேனன், கழிவுப் பொருளைக் கருவாகக் கொண்டு தொழில் கண்டவர். வீணான தாளைச் சுருட்டிப் பேனா செய்து, அதன் அடியில் ஒரு விதையை வைத்தார். மை தீர்ந்து எறிந்தால் செடி முளைக்கும். முதியோர் இல்லத்துப் பாட்டிமார் திரிக்கும் விளக்குத் திரிக்கு "அம்மூம்மத்திரி" என்று பெயரிட்டார். அம்மூம்மை என்றால் மலையாளத்தில் பாட்டி. பெயரே விளம்பரம் ஆகிவிட்டதைப் பாருங்கள்.

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தது. கைத்தறிக்குப் பெயர் பெற்ற சேந்தமங்கலத்தில், ஓணத்துக்கென நெய்து வைத்த துணிகள் எல்லாம் சேற்றில் மூழ்கின. கறை படிந்த சேலையை யார் வாங்குவார்? எரித்துவிடலாம் என்னும் நிலை. அப்போது லக்ஷ்மி மேனனும், பொறுப்புச் சுற்றுலாத் துறையில் தொண்டாற்றும் கோபிநாத் பாறயிலும் சேர்ந்து, அத்துணிகளைத் தூய்மை செய்து, சிறு துண்டுகளாக வெட்டிப் பொம்மைகள் ஆக்கினர். "சேக்குட்டி" என்று பெயரிட்டனர். நம் "சேறு" மலையாளத்திலும் அதே பொருளில் வழங்கும் சொல். சேற்றிலிருந்து மீண்ட குழந்தை என்பது கருத்து. 1,300 ரூபாய் மதிப்புள்ள ஒரு சேலையிலிருந்து 360 பொம்மைகள்; பொம்மை ஒன்று 25 ரூபாய். ஆக, ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்கிய சேலை 9,000 ரூபாய் ஈட்டியது. அப்பணம் நெசவாளருக்குப் போயிற்று.

செய்தி சமூக ஊடகங்களில் பரவியது. தொண்டர்கள் பல ஊர்களிலிருந்து பொம்மை செய்ய முன்வந்தனர். இணையத்தில் விற்பனை நடந்தது. கறையை மறைத்திருந்தால் அது மலிவுத் துணி. கறையைச் சொன்னதால் அது நினைவுப் பொருள். உண்மையை மறைக்காமல் சொல்வதே சிறந்த விளம்பரம் ஆகலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

வேறு இருவர் வழியும் அறியத் தக்கது. வாலரி வாகனர் என்னும் அமெரிக்கப் பெண்மணி பெங்களூரில் நம் மக்களின் வழக்கம் ஒன்றைக் கவனித்தார். காசு செலவாகாமல் செய்தி சொல்ல நாம் "மிஸ்டு கால்" கொடுக்கிறோம் அல்லவா? அதையே விளம்பர வழியாக்கி, 2010-இல் கூட்டாளிகளுடன் ஜிப்டயல் நிறுவனத்தைத் தொடங்கினார். வாடிக்கையாளர் ஓர் எண்ணை அழைத்துத் துண்டித்தால் போதும். நிறுவனத்தின் செய்தி அவரைத் தேடி வரும். 2015-ஆம் ஆண்டு சனவரியில் ட்விட்டர் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. பால்குனி நாயரோ, பல்லாண்டுகள் வங்கித் துறையில் இருந்து, ஐம்பதை நெருங்கும் வயதில், 2012-இல் நைகா என்னும் ஒப்பனைப் பொருள் அங்காடியை இணையத்தில் தொடங்கினார். எதை எப்படிப் பூசுவது, எவருக்கு எது பொருந்தும் என்பதைக் கட்டுரையாகவும் காணொளியாகவும் கற்பித்து வாடிக்கையாளரைச் சேர்த்தது அந்நிறுவனம். 2021 நவம்பரில் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. ஒருவர் கதையால் வென்றார்; ஒருவர் கவனிப்பால் வென்றார்; ஒருவர் கற்பித்தலால் வென்றார். மூவரும் வாங்குபவரின் மனத்தை அறிந்த பின்னரே கருவியைக் கையில் எடுத்தனர்.

தெரு நம்முடையதன்று

இப்போது தலைப்புக்கு வருகிறேன். கைப்பேசித் தெருவில் கடை நம்முடையது, தெரு பிறருடையது. 2020-ஆம் ஆண்டு சூன் 29-ஆம் நாள் இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. அவற்றுள் டிக்டாக்கும் ஒன்று. இலட்சக்கணக்கானோரைத் தம் பின்னே சேர்த்து வைத்திருந்த நம் நாட்டுக் கலைஞரும் சிறு வணிகரும் ஒரே இரவில் வெறுங்கையர் ஆயினர். 2021 அக்டோபர் 4-ஆம் நாள் பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றுபோயின. அவற்றை மட்டுமே நம்பியிருந்த கடைகளுக்கு அந்த ஆறு மணி நேரமும் கதவடைப்புத்தான்.

ஆகவே எது நம்முடையது? வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும், அவர் நம்மீது வைத்த நம்பிக்கையும். சித்தி ஒரு நீல நோட்டு வைத்திருக்கிறார். யார், எந்தத் தெரு, எந்தப் பொடி, காரம் கூடவா குறையவா என்று எழுதுகிறார். இன்று அதில் 62 பெயர்கள் உள்ளன. முகவர் கொண்டுவந்த பத்தாயிரத்தைவிட அந்த 62 பெரிது. ஆனால் அவ்வெண்களை அவர் சம்மதத்தோடு வாங்க வேண்டும். சொன்ன காரியத்துக்கே பயன்படுத்த வேண்டும். பிறருக்குக் கொடுத்தல் ஆகாது. 2023-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும் அதுவே.

இத்துறைக்கு வரும் தோழியருக்குச் சில சொற்கள். பக்கம், விளம்பரக் கணக்கு, வங்கிக் கணக்கு மூன்றையும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் திறவுங்கள். பிறருக்காகத் தொழில் செய்தால் சாவியை அவர்களிடமே விடுங்கள். சொந்தக் கைப்பேசி எண்ணை விளம்பரத்தில் போடாதீர்கள். கடைக்கென்று தனி எண் வையுங்கள். இரவு பதினோரு மணிக்கு வேண்டாத குரல்கள் வடாம் விலை கேட்ட தொல்லையை நாங்கள் அனுபவித்திருக்கிறோம். உணவுப் பொருளாயின், உணவுப் பாதுகாப்புச் சட்டப்படிப் பதிவு செய்து, அந்த எண்ணைப் பொட்டலத்தில் அச்சிடுங்கள். காசு பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்ந்தால், காசு பெற்றதைச் சொல்லிவிடுங்கள். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-லேயே இதை நெறியாக வகுத்துள்ளது.

கற்க வேண்டியவை மூன்று: தெளிவாக எழுதுதல், பிழையின்றிக் கணக்கிடுதல், பொறுமையாகச் சோதித்தல். கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும்; இம்மூன்றும் மாறா. பெருமுதல் வேண்டாம். உங்கள் தாயோ அத்தையோ பக்கத்து வீட்டுத் தையற்காரரோ செய்யும் தொழில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஐந்நூறு ரூபாயில் தொடங்கிக் கற்கலாம்.

சென்ற வாரம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய முகவரே மீண்டும் தொலைபேசியில் அழைத்து, இம்முறை இருபதாயிரம் பேரைத் தருவதாகக் கூறினாராம். சித்தி என்ன விடை சொன்னார் தெரியுமா? "இருபதாயிரம் பேருக்கு வடாம் பிழிய என் கைக்கு வலு இல்லை. அறுபத்து மூணாவது ஆள் ஒருத்தரை உண்மையா அனுப்புங்கோ, போதும்."

அந்த ஒருவரை உண்மையாக அனுப்பத் தெரிந்தவரே இத்தொழிலில் நிலைப்பார்.