கிணற்றடிப் பலகை

பழைய வீடொன்றிற் குடிபுகுவோர் முதலிற் பார்ப்பன கூரையும் நிலமும் கதவுகளுமே. மழைக்கு ஒழுகுமோ, கறையான் அரித்துள்ளதோ, கிணற்றுநீர் நன்னீரோ உவரோ என்று கேட்பர். சுவரிலும் வளைக்கு மேலும் ஓடும் மின்கம்பியைப் பற்றி வினவுவோர் மிகச் சிலரே. ஆளியைத் தட்டியதும் விளக்கு எரிந்தால் அதுவே போதிய சான்றென்று கொள்கின்றோம். நானும் அவ்வாறே கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் பாட்டனார் கட்டிய நாற்சார் வீட்டைத் திருத்தித் தை மாதத்திற் குடிபூரல் நடத்துவதென்று நாள் வைத்தபொழுது, எனது கணக்குப் புத்தகத்திலே நிறப்பூச்சுக்கு ஒரு தொகை இருந்தது. நிலத்துக்கு ஒரு தொகை இருந்தது. மின்னிணைப்புக்கென ஒரு சதமும் இருக்கவில்லை.

அந்தக் கணக்கை மாற்றியது கிணற்றடியிற் கிடந்த ஒரு பனம்பலகை. நீரிறைக்கும் மோட்டரின் அருகே அது நெடுங்காலமாகக் கிடந்தது. வீட்டைப் பார்த்துவந்த என் சிறியதாயார் மோட்டரைப் போடும்போதெல்லாம் அதன்மேல் ஏறி நிற்பார். ஏனென்று கேட்டேன்.

"அது கொஞ்சம் இழுக்கும் தம்பி. பலகையிலை நிண்டால் ஒண்டும் செய்யாது," என்றார்.

மழைக்காலத் தூவானத்தைப் பற்றிக் கூறுவதுபோல் அவர் அதனைக் கூறினார். அவர் கூறியது முற்றும் பிழையன்று. உலர்ந்த மரம் மின்னை எளிதிற் கடத்துவதில்லை. ஆனாற் கிணற்றடியில் ஒரு பலகை எத்தனை நாழிகை உலர்ந்திருக்கும்? குடிபூரலின் பின்னர் அந்த மோட்டரைப் போடப்போகின்றவர்கள் என் மனைவியும் பத்து வயது மகளும். அவர்களுக்குப் பலகையின் சாத்திரம் தெரியாது.

வயறிங் வேலையிலே தலைநரைத்த ஒருவரை அழைத்துவந்தேன். அவர் பிரதான ஆளியை நிறுத்தி, மின்காவலியைச் சோதிக்கும் கருவியை இணைத்தார். 'மெகர்' என்று தொழிலாளர் வழங்கும் அக்கருவி, கம்பிகளிடையே 500 வோற்று அழுத்தத்தைச் செலுத்தி, அவற்றின் உறை எவ்வளவு தடுக்கின்றதென்று காட்டும். தடை ஒரு மெகாஓமுக்குக் குறைதலாகாது. எங்கள் வீட்டில் அது பூச்சியத்தை விட்டுச் சற்றே எழுந்து நின்றது. அடுத்து, ஒரு ஆளியைக் கழற்றிக் கம்பியை விரலால் மெல்ல வளைத்தார். றப்பர் உறை பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, உள்ளிருந்த செம்பு வெளிப்பட்டது.

"எரியுது எண்டதுக்காக நல்லது எண்டு நினையாதையுங்கோ மாஸ்ரர். இவ்வளவு நாளும் ஒருத்தரும் தொடாததாலைதான் எரிஞ்சது," என்றார்.

வளைமீது ஏறிப் பார்த்தபொழுது எங்கள் ஊரின் வரலாற்றையே அங்கு கண்டேன். அடியில் இருந்தது பாட்டனார் காலத்து வேலை: மரச்சட்டத்தின்மேல் தகரப் பிடிகள் வரிசையாக அறைந்து, நூல் பிடித்தாற்போல நேராகச் சென்ற கம்பி. செய்தவனின் கைந்நேர்த்தி இன்றும் தெரிகின்றது. ஆயினும் றப்பர் வெப்பத்தாலும் காற்றாலும் முதுமையடையும் பொருள். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியெரித்த விளக்கிலே நாங்கள் பாடம் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். அக்காலத்திற் கம்பிகளை எலி கொறித்தது. 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்வுக்குப் பின் திரும்பிவந்தபோது இரண்டு அறைகளிற் செம்பே இருக்கவில்லை. பின்னர் அயலவர் ஒருவரின் மின்பிறப்பாக்கியிலிருந்து மாலைவேளையில் இரண்டு விளக்குகளுக்கு இழுத்த கம்பி, முறுக்கி நாடா சுற்றிய மூட்டுகளோடு, இன்னும் அங்கேயே கிடந்தது. 2013இல் யாழ்ப்பாணம் மீண்டும் தேசிய மின்வலையோடு இணைந்தது. மின்சாரம் புதிதாக வந்தது. அதனை ஏற்றுக்கொண்ட கம்பி பழையதாகவே இருந்தது.

சுமையோ பழையதன்று. அன்று அவ்வீட்டில் எரிந்தவை சில மின்குமிழ்கள்; இருந்தது ஒரு வானொலி. இன்று குளிர்சாதனப் பெட்டி, மோட்டர், அழுத்தி, கேத்தல் எல்லாம் வருகின்றன. 2,000 உவாற்றுக் கேத்தல் ஒன்றே 230 வோற்றில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும்.

எமது பாடநூல்கள் வீட்டு மின்கம்பிகள் மூன்றுக்கும் அழகிய தமிழ்ப் பெயர் வழங்கியுள்ளன: உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி, புவிக்கம்பி. நொதுமல் என்பது நட்புமன்றிப் பகையுமன்றி நிற்கும் நிலைக்குப் பழந்தமிழர் வழங்கிய சொல். பெயரை அறிந்தவர்கள் நாம்; எமது சுவரில் எது எங்கே ஓடுகின்றதென்று அறியாதிருந்தோம். இரண்டு அறைகளில் ஆளி உயிர்க்கம்பியிலன்றி நொதுமற்கம்பியில் இடப்பட்டிருந்தது. ஆளியை நிறுத்தினால் விளக்கு அணையும். ஆனாற் குமிழ் பொருத்தும் இடத்தில் உயிர் நிற்கும். புவிக்கம்பியோ பழைய இரும்பு நீர்க்குழாயிற் கட்டப்பட்டிருந்தது. அக்குழாய் பின்னாளிற் பிளாஸ்ரிக் குழாயாக மாற்றப்பட்டபொழுது, வீட்டுக்கும் பூமிக்கும் இருந்த தொடர்பு அறுந்ததை எவரும் கவனிக்கவில்லை. பலகை வந்து சேர்ந்ததும் அதன் பின்னரேயாகலாம்.

இங்கு ஆசிரியரும் மாணவரும் மனங்கொள்ளவேண்டிய கணக்கொன்று உண்டு. உருகி எம்மைக் காக்கும் என்று நம்புகின்றோம். உருகி காப்பது கம்பியை. 15 ஆம்பியர் உருகி 15,000 மில்லிஆம்பியருக்கு அஞ்சாது. மனித இதயத்துக்கோ 30 மில்லிஆம்பியரைக் கடந்தாலே ஆபத்து. புவித்தொடுப்பு இருந்தாலும் அது மட்டும் போதாது. கோடையிற் காய்ந்த நிலத்திலே புவிக்கோலின் தடை 50 ஓம் என்று கொள்வோம். கசிந்து செல்லும் ஓட்டம் 5 ஆம்பியருக்கும் குறைவே. உருகி அசையாது, மோட்டரின் இரும்புடல் உயிரோடு நிற்கும். இக்குறையைத் தீர்க்கவே மீதியோட்டச் சுற்றுடைப்பான் ஏற்பட்டது. ஊரார் 'றிப் சுவிச்' என்பது இதனையே. உயிர்க்கம்பியாற் சென்றது நொதுமற்கம்பியால் மீள்கின்றதா என்று இடையறாது ஒப்பிட்டு, 30 மில்லிஆம்பியர் வேறுபாடு கண்டதும் நொடியின் சிறு பகுதியிற் சுற்றை அறுக்கும்.

எங்கள் வீட்டில் அஃது இல்லாமலில்லை. மோட்டரைப் போடுந்தோறும் அது விழுந்தமையால், தொல்லை என்றெண்ணி யாரோ அதனைச் சுற்றிக் கம்பி கொடுத்துவிட்டார்கள். உண்மை கூறியது ஒன்றே, அதனையும் வாயடைத்திருந்தோம்.

முழுவதையும் கழற்றிப் புதிதாக இடவேண்டும் என்று முடிவாயிற்று. வீட்டில் வாக்குவாதம் எழுந்தது. "வாற சனம் சுவரைத்தானே பார்க்கும், உள்ளுக்கிருக்கிறதையே பார்க்கும்?" என்றார் சிறியதாயார். அவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. கையிலிருந்த பணம் இரண்டுக்கும் போதாது. வருவோர் ஒரு நாள் பார்ப்பர், வாழ்வோர் நாள்தோறும் தொடுவர் என்று எண்ணி, நிறப்பூச்சுக்கு ஒதுக்கியதை எடுத்தேன். தை நாள் தவறியது. மாசியும் பங்குனியும் குடிபுக ஆகா என்பதால் நாள் வைகாசிக்குச் சென்றது.

இவ்வேலையைக் குடிபுகுமுன் செய்வதே முறை என்பதை முதல் நாளே உணர்ந்தேன். சுண்ணாம்புச் சாந்துச் சுவரை வெட்டும்போது எழும் தூசியிற் சமைக்கவோ உறங்கவோ இயலாது. வெட்டி, குழாய் பதித்து, சாந்து பூசிய பின்னரே நிறம். நிறம் பூசியபின் வெட்டுவது இருமடங்கு செலவு. கட்டில் எங்கே, படிக்கும் மேசை எங்கே என்று வெறும் அறையில் நின்று சிந்தித்தால், குதைகள் உரிய இடத்தில் அமையும். பின்னர் நீட்டுக்கம்பிகள் கதவிடுக்கிற் செல்லவேண்டியதில்லை.

விளக்குகளுக்கு வேறு, குதைகளுக்கு வேறு, குசினிக்கு வேறு, மோட்டருக்கு வேறு எனச் சுற்றுகள் பிரிக்கப்பட்டன. விளக்குகளுக்கு 1 சதுர மில்லிமீற்றர்க் கம்பியும், குதைகளுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியும் இடப்பட்டன. புவிக்கோல் கிணற்றுநீர் ஓடும் ஈரநிலத்தில் இறக்கப்பட்டது. சுவரிற் குழாய் வளைந்து செல்லாது நேராகவே செல்லவேண்டும் என்று அம்முதியவர் பிடிவாதமாக நின்றார். நாளை படம் மாட்ட ஆணி அறைபவன் கம்பியின் வழியை ஊகிக்கவேண்டுமல்லவா? சாந்து பூசுமுன் ஒவ்வொரு சுவரையும் படம்பிடித்து வைத்தோம். இறுதியில் அதே கருவியால் மீண்டும் சோதித்து, அளவுகளை ஒரு தாளில் எழுதித் தந்தார். சோதனைப் பொத்தானைச் சில மாதங்களுக்கொருமுறை அழுத்திப் பார்க்கும் பொறுப்பை என் மகள் ஏற்றுள்ளாள்.

வைகாசியிற் பால் காய்ச்சினோம். வெளிச்சுவருக்கு வெறும் வெள்ளையே அடிக்க முடிந்தது. வந்தோரில் இருவர் அதனைக் குறிப்பாற் கூறவும் செய்தனர். மாலையிற் சிறியதாயார் கிணற்றடிக்குச் சென்றதைக் கண்டு பின்னே சென்றேன். எல்லாம் விளக்கிக் கூறியிருந்தும், அவர் பலகையின்மேல் ஏறி நின்றே மோட்டரைப் போட்டார். சற்றுத் தயங்கி, ஒரு காலை நிலத்தில் வைத்தார். மறு காலையும் வைத்தார். புறங்கையால் மோட்டரின் உடலை மெல்லத் தொட்டார்.

"ஒண்டும் இல்லைத் தம்பி," என்றார். பின்னர் உள்ளங்கையை அதன்மேல் முழுவதும் வைத்து, நீர் தொட்டியில் விழும் ஒலியைக் கேட்டுக்கொண்டு நின்றார்.