ஓசூரிலிருந்து ஒரே நாளில் ஓர் இடைக்கால டவுன் ட்ரிப்: 'குந்தாணி' தெரியுமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷிஃப்ட் முடியும்போதே ஓசூர் சிப்காட் பக்கம் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே கேள்விதான் ஓடும்: "நாளைக்கு எங்க போலாம்?" பதிலும் வழக்கமானதுதான். நந்தி ஹில்ஸ், ஏற்காடு, ஒகேனக்கல். இல்லன்னா பெங்களூரு மால். "நம்ம ஊர்ல என்னப்பா இருக்கு, கம்பெனியும் ஹைவேயும்தானே" என்று பேச்சு முடிந்துவிடும்.

இன்னொரு பக்கம், ஆபீஸ் வேலையாக ஜெர்மனி போய் வருகிறவர்களின் இன்ஸ்டா பக்கங்களைப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் போதும், ரயில் பிடித்து ரோத்தன்பர்க் மாதிரியான இடைக்கால ஊருக்குப் போய், கோட்டைச் சுவர் மேல் நின்று ஒரு போட்டோ. அதே காலத்தில் ஒரு ராஜா தலைநகராக வைத்திருந்த ஊர் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 44-ல் தினமும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே நாம் தாண்டிப் போகிற திருப்பத்துக்கு உள்ளே. பெயர் குந்தாணி.

அது என்ன ஊர், ஒரே நாளில் எப்படிப் பார்ப்பது, பார்ப்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

குந்தாணி எங்கே இருக்கு?

இன்றைய பெயர் சின்னகொத்தூர். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில் குருபரப்பள்ளி வரும். அங்கிருந்து உள்ளே திரும்பிப் போகிற கிராமம்.

13-ஆம் நூற்றாண்டில் கதை வேறு. அப்போது போசளர்கள், அதாவது ஹொய்சாளர்கள், ஹளேபீடுவில் இருந்து ஆண்டார்கள். அரசன் சோமேசுவரன் ராஜ்ஜியத்தை இரண்டு மகன்களுக்குப் பிரித்தான். கன்னடப் பகுதி மூன்றாம் நரசிம்மனுக்கு. தமிழ்ப் பகுதி வீர ராமநாதனுக்கு. ராமநாதனின் தலைநகரம் முதலில் திருச்சிக்குப் பக்கத்தில் இருந்த கண்ணனூர், இன்றைய சமயபுரம். பாண்டியர்கள் அங்கிருந்து தள்ளிவிட, அவன் வடக்கே நகர்ந்து குந்தாணியைத் தலைநகராக்கிக்கொண்டான். 1295 வாக்கில் அவன் காலம் முடிந்தது. பிறகு மூன்றாம் வல்லாளன் இரண்டு பகுதிகளையும் மறுபடி ஒன்றாக்கினான். குந்தாணிக்குத் தலைநகர் அந்தஸ்து போனது.

இதில் ஓசூர்க்காரர்களுக்குப் பிடித்துப்போகிற விஷயம் ஒன்று உண்டு. குந்தாணி ராஜ்ஜியம் என்பது இன்றைய கிருஷ்ணகிரி, ஓசூர், கோலார், பெங்களூரு வட்டாரங்களை ஒன்றாகச் சேர்த்த பகுதி. கோலார், பெங்களூரு பக்கமே தமிழில் எழுதிய ராமநாதன் கால கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. இன்று அத்திப்பள்ளி செக்போஸ்டைத் தாண்டி தினமும் வேலைக்குப் போய் வருகிறோமே, கிட்டத்தட்ட அதே வட்டாரம். நடுவில் இப்போது ஒரு மாநில எல்லை இருக்கிறது, அவ்வளவுதான். 'ஓசூர்' என்ற பெயரே 'ஹொச ஊரு', அதாவது புது ஊர் என்ற கன்னடச் சொல்லில் இருந்து வந்ததுதான்.

ஜெர்மனி ஊரோடு ஏன் ஒப்பிடணும்?

காலம் ஒன்று என்பதால். பவேரியாவில் இருக்கும் ரோத்தன்பர்க் 1274-ல் 'சுதந்திர நகரம்' என்ற அந்தஸ்தைப் பெற்றது. ராமநாதன் ஆட்சியில் இருந்த அதே காலம். ஒன்று உலகமே போய்ப் பார்க்கிற ஊராச்சு. இன்னொன்று பெயரே மறந்த கிராமமாச்சு. ஏன்?

"அவங்க பாதுகாத்தாங்க, நாம விட்டுட்டோம்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் அது பாதி உண்மைதான். ரோத்தன்பர்க் பிழைத்ததற்கு முதல் காரணம் வறுமை. 1631-ல், முப்பதாண்டுப் போரின்போது, எதிரிப் படை ஊரைப் பிடித்தது. அதற்குப் பிறகு ஊர் நொடித்துப்போனது. பழைய வீட்டை இடித்துப் புதுசு கட்ட யாரிடமும் காசு இல்லை. அப்படியே உறைந்துபோன ஊர், பல தலைமுறை கழித்து ஓவியர்கள், பயணிகள் கண்ணில் பட்டது.

இரண்டாவது காரணம்தான் நமக்கு முக்கியம். 1945 மார்ச் 31 அன்று குண்டுவீச்சில் பழைய நகரின் சுமார் 40 சதவீதம் அழிந்தது. கோட்டைச் சுவரும் உடைந்தது. அதை மறுபடி கட்ட உலகம் முழுவதும் இருந்து மக்கள் பணம் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் பெயர் பொறித்த கற்கள் இன்றும் அந்தச் சுவரில் இருக்கின்றன. அங்கே போகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் 'பழைய' சுவரில் ஒரு பகுதி உண்மையில் நம் தாத்தா பாட்டி காலத்தில் கட்டியது.

குந்தாணிக்கு அந்த மாதிரி இரண்டாவது வாய்ப்பு கிடைக்கவில்லை. அது ஒரு தலைமுறைக்கு மட்டுமே தலைநகராக இருந்த ஊர். அரசன் போனதும் அதிகாரமும் வியாபாரமும் வேறு பக்கம் போய்விட்டன. அதனால் அங்கே போய் அரண்மனையைத் தேடாதீர்கள், ஏமாற்றம்தான். பார்க்க வேண்டியது கல்வெட்டுகளையும் நடுகற்களையும் ஊரின் நிலப்பரப்பையும்தான். கோட்டை பார்க்கும் ஆசைக்கு இதே ட்ரிப்பில் ராயக்கோட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் பிளான்

ஓசூர், ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி, குந்தாணி, மறுபடி ஓசூர். ஒரு வட்டம். மொத்தம் சுமார் 130 கி.மீ. பைக்கோ காரோ, தாராளமாக ஒரே நாளில் முடியும்.

காலை: ராயக்கோட்டை. ஓசூரிலிருந்து சுமார் 30 கி.மீ. சூரியன் ஏறுவதற்குள் மலை ஏறிவிடுவது நல்லது. பாறை சூடாகிவிட்டால் இறங்குவது கஷ்டம். அவரவர் வேகத்தைப் பொறுத்து ஏற ஒரு மணி நேரம் வரை ஆகலாம். வண்டி இல்லாதவர்கள் ரயிலிலும் வரலாம். பெங்களூரு–சேலம் பாதையில், ஓசூருக்கும் தருமபுரிக்கும் நடுவில் ராயக்கோட்டை ஸ்டேஷன் இருக்கிறது. பாசஞ்சர் ரயில் நேரத்தை முன்னாடியே ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் ரயில் நேரம்தான் இதில் முக்கியம்.

மதியம்: கிருஷ்ணகிரி. ராயக்கோட்டையிலிருந்து 30 கி.மீ.க்கு உள்ளேதான். சாப்பாட்டை இங்கே வைத்துக்கொள்ளலாம். ராகி களி கிடைக்கும் மெஸ் கண்ணில் பட்டால் விடாதீங்க, இந்த மண்ணின் சாப்பாடு அதுதான். அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குந்தாணிக்குப் போவதற்கு முன்பு இங்கே வந்தால், நடுகல் என்றால் என்ன, எப்படிப் படிப்பது என்று கண் பழகிவிடும். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை என்பது வழக்கம். கிளம்பும் முன் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

சாயங்காலம்: குந்தாணி. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் திரும்பும் வழியில் குருபரப்பள்ளியில் திரும்பினால் போதும். வெயில் சாய்ந்த பிறகு போவதில் ஒரு லாபம் உண்டு. பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தேய்ந்த எழுத்தும் சிற்பமும் நன்றாகத் தெரியும். உச்சி வெயிலில் கல் வெறும் கல்லாகத்தான் தெரியும்.

இன்னும் தெம்பு இருக்கா? கிருஷ்ணகிரி மலைக்கோட்டையையும் சேர்க்கலாம். ஆனால் ஒரே நாளில் இரண்டு மலை என்பது கொஞ்சம் அதிகம். அதை இன்னொரு வாரத்துக்கு வைப்பது புத்திசாலித்தனம்.

கோட்டைகளின் கதை என்ன?

இந்தப் பகுதிக்குப் பழைய பெயர் 'பாராமகால்'. 'பாரா' என்றால் பன்னிரண்டு. விஜயநகரத்தின் கடைசிக் காலத்தில் இந்த வட்டாரத்தை ஆண்ட ஜெகதேவராயரின் 12 கோட்டைகளை வைத்து வந்த பெயர் என்பது வழக்கு. கிருஷ்ணகிரி, ஜெகதேவி, மகாராஜகடை, தட்டக்கல் எல்லாம் அந்தப் பட்டியலில் வருபவை. பஸ் போர்டில் தினமும் படிக்கிற ஊர்கள்தான்.

ஏன் இங்கே இவ்வளவு கோட்டை? மேப்பைத் திறந்து பாருங்கள், பதில் தெரியும். கர்நாடகப் பீடபூமியில் இருந்து தமிழ்ச் சமவெளிக்கு இறங்குகிற வழி இது. படை வந்தாலும் வியாபாரி வந்தாலும் இந்தக் கணவாய்கள் வழியாகத்தான் வர வேண்டும். இன்று கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதும் அதே காரணத்தால்தான்.

மைசூர்ப் போர்களில் இந்தக் கோட்டைகள் எல்லாம் கைமாறின. 1791 ஜூலையில் ராயக்கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று கிருஷ்ணகிரியில் அவர்கள் ஜம்பம் பலிக்கவில்லை. கர்னல் மேக்ஸ்வெல் படை கீழ்க்கோட்டைக்குள் புகுந்துவிட்டது. ஆனால் மேலே இருந்த திப்புவின் வீரர்கள் பெரிய பெரிய பாறைகளை உருட்டிவிட, ஏணிகள் நொறுங்கி, படை பின்வாங்கியது. மலை ஏறும்போது நிமிர்ந்து பார்த்தால் அது எப்படிச் சாத்தியம் என்று புரியும்.

1792 ஒப்பந்தத்தில் பாராமகால் கம்பெனி கைக்குப் போனது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டினத்தின் மீது கடைசியாகப் படையெடுத்த ஜெனரல் ஹாரிஸின் சேனை, ராயக்கோட்டைப் பக்கம் இருந்துதான் மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. இரண்டே மாதத்தில், மே 4 அன்று, திப்பு வீழ்ந்தார்.

நடுகல்லை எப்படிப் படிப்பது?

ஊரைக் காக்கவோ, மாட்டை மீட்கவோ சண்டையிட்டுச் செத்த வீரனுக்கு நட்ட கல் நடுகல். சிலவற்றில் ஒரே ஓர் உருவம்தான் இருக்கும். சில கற்கள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். கீழ் அடுக்கில் சண்டை. நடு அடுக்கில் தேவலோகப் பெண்கள் வீரனை அழைத்துப் போவார்கள். மேல் அடுக்கில் அவன் சொர்க்கத்தில், பெரும்பாலும் லிங்கத்தின் முன். ஒரு கையை மடக்கி மேலே தூக்கியபடி ஒரு பெண் இருந்தால், அது கணவனோடு உயிர்விட்ட பெண்ணுக்கான சதிக்கல்.

இவற்றில் பலவற்றை இன்றும் ஊர் மக்கள் சாமியாகக் கும்பிடுகிறார்கள். மஞ்சள் குங்குமம் வைத்திருந்தால் அது அவர்கள் கோயில். செருப்பைக் கழற்றிவிட்டு, "அக்கா, போட்டோ எடுத்துக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்டால் கதையும் சேர்த்துக் கிடைக்கும்.

என்னென்ன கவனிக்கணும்?

யானை: ஓசூர்–ராயக்கோட்டை ரோட்டில் சானமாவு காட்டுப் பகுதி இருக்கிறது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை பன்னேர்கட்டா பக்கம் இருந்து யானைக் கூட்டங்கள் வந்து போகும். அந்த மாதங்களில் விடிவதற்கு முன் பைக்கில் தனியாகப் போகாதீங்க. வனத்துறை எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

தண்ணீர்: மலை மேல் கடை கிடையாது. ஆளுக்கு 2 லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். காலி பாட்டிலோடு இறங்குங்கள்.

கிறுக்கல்: ராயக்கோட்டையும் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெயர் எழுதி ஹார்ட்டின் போடுவதும் இதில் அடக்கம். சுற்றி 100 மீட்டருக்குள் புதுசாகக் கட்டவோ குவாரி தோண்டவோ கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்க வேண்டும்.

சுண்ணாம்பு, மாவு: எழுத்து தெரியவில்லை என்று கல்வெட்டின் மேல் சாக்பீஸ் தேய்ப்பதும் பெயின்ட் பூசுவதும் வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலே எழுத்து தெரியும்.

போனால் என்ன மாறும்?

சட்டப் பாதுகாப்பு என்பது பட்டியலில் இருக்கும் இடத்துக்கு மட்டும்தான். இந்த மாவட்டத்தில் வயல் வரப்பிலும் ஏரிக் கரையிலும் கிடக்கிற நடுகற்களில் எத்தனையோ எந்தப் பட்டியலிலும் இல்லை. லேஅவுட் போடும்போதும் ரோடு அகலமாக்கும்போதும் ஒரு ஜேசிபி நகர்த்தினால் கதை முடிந்தது. கிரானைட்டுக்குப் பெயர் போன மாவட்டத்தில் கல்லுக்கு விலை உண்டு. அதில் இருக்கும் எழுத்துக்கு விலை போடத்தான் ஆள் இல்லை.

அதனால் புதுசாக ஒரு நடுகல்லோ எழுத்துள்ள கல்லோ கண்ணில் பட்டால், அதைத் தூக்கவோ நகர்த்தவோ வேண்டாம். லொகேஷனோடு நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கோ ஊர் வி.ஏ.ஓ.வுக்கோ தகவல் சொல்லுங்கள். பிறகு ஒருநாள் அந்தக் கல் காணாமல் போனால், அது அங்கே இருந்ததற்கு உங்கள் மொபைலில் இருக்கும் போட்டோதான் சாட்சி.

ரோத்தன்பர்க் சுவரில் பெயர் பொறிக்க மக்கள் பணம் கட்டினார்கள். குந்தாணி நம்மிடம் கேட்பது ஒரு சனிக்கிழமையும் 130 கி.மீ. பெட்ரோலும்தான்.