ஒரே ஆட்டத்தில் ஒன்பது கோல்!

அரியலூர்ப் பக்கத்து நண்பர்களுக்குச் சுண்ணாம்புக்கல் லாரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சிமெண்ட் ஆலைகளை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். பெரம்பலூர் சாலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். ஒரு நிமிடம் ஒன்றும் வராது. அடுத்த நிமிடம் இரண்டு வரும். எப்போதாவது ஆறேழு சேர்ந்து வரும். கால்பந்தில் கோல் விழுவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

2020 பிப்ரவரி 1 அன்று கொச்சியில் இந்தியன் சூப்பர் லீக் ஆட்டம் ஒன்று நடந்தது. நமது சென்னையின் எஃப்.சி. 6 கோல், கேரளா பிளாஸ்டர்ஸ் 3 கோல். மொத்தம் ஒன்பது! தொழில்முறை ஆட்டங்களில் சராசரியாக மூன்று கோல்கூட விழுவதில்லை. அப்படியானால் இது எவ்வளவு அபூர்வம்?

சராசரி 2.7 என்று வைத்துக்கொள்வோம். ஆட்டம் 90 நிமிடம். அதாவது ஒவ்வொரு நிமிடமும் கோல் விழ 100-க்கு 3 வாய்ப்பு. இதை வீட்டிலேயே ஆடிப் பார்க்கலாம். ஒரு பையில் 100 புளியங்கொட்டை போடுங்கள். அவற்றில் மூன்றை மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிவிடுங்கள். பார்க்காமல் ஒன்றை எடுங்கள். வெள்ளை என்றால் கோல். திரும்பப் பையில் போட்டுக் குலுக்குங்கள். இப்படி 90 தடவை எடுத்தால் ஓர் ஆட்டம் முடிந்தது. (கை வலித்தால் தம்பியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.)

நூறு ஆட்டம் ஆடினால் ஏறத்தாழ 6 ஆட்டங்களில் கோலே இருக்காது. 25 ஆட்டங்களில் இரண்டு கோல், 22-இல் மூன்று, 8-இல் ஐந்து. ஒன்பதோ அதற்கு மேலோ விழ வேண்டுமானால் 600 ஆட்டங்களுக்கு மேல் ஆட வேண்டும். பதினொன்று விழவோ ஏறத்தாழ 12,000 ஆட்டம்! அரிதாக நடக்கும் நிகழ்ச்சிகளை இவ்வாறு கணக்கிடும் வழியைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் பாய்சான் 1837-இல் வெளியிட்டார்.

இங்கேதான் சிக்கல். 2014-இல் தொடங்கிய இந்த லீக்கில், 2021 பிப்ரவரி வரை 600-க்கும் குறைவான ஆட்டங்களே நடந்திருந்தன. கொட்டைக் கணக்குப்படி ஒன்பது கோல் ஆட்டம் ஒன்று இருக்கலாம். ஆனால் 2016-லேயே கோவா அணி சென்னையை 5-4 என வென்றிருந்தது. பிறகு கொச்சி. 2021 பிப்ரவரி 27 அன்று ஒடிசா 6, ஈஸ்ட் பெங்கால் 5. பதினொரு கோல்!

கணக்கு தவறா? இல்லை. புளியங்கொட்டைக்கு ஞாபகம் கிடையாது. முன்பு வந்தது வெள்ளையா கறுப்பா என்பது அதற்குத் தெரியாது. ஆட்டக்காரர்களுக்குத் தெரியும். கொச்சியில் இடைவேளையின்போது சென்னை 3-0 என முன்னிலையில் இருந்தது. இனி கேரளா என்ன செய்யும்? தற்காப்பை விட்டுவிட்டு முன்னேற வேண்டியதுதான். அதன் வீரர் ஒக்பெச்சே இரண்டாம் பாதியில் மூன்று கோல் போட்டார். ஆனால் முன்னால் ஓடியவர்களுக்குப் பின்னால் மைதானம் காலியாகக் கிடக்குமே! அந்த இடைவெளியில் சாங்டே இரண்டு, வால்ஸ்கிஸ் ஒன்று. ஒரு கோல் அடுத்த கோலுக்கு வழி திறந்துவிட்டது.

ஒடிசா ஆட்டம் வேறு மாதிரி. இரு அணிகளுக்கும் அது கடைசி லீக் ஆட்டம். அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு இருவருக்குமே இல்லை. தோற்றால் என்ன என்று இரு பக்கமும் துணிந்து ஆடியிருக்கலாம் என்பது என் ஊகம். அப்படியானால் அன்றைக்குப் பையில் இருந்த வெள்ளைக் கொட்டை மூன்றல்ல, ஐந்தோ ஆறோ!

லாரிகளிலும் இதைக் காணலாம். வழியில் ரயில்வே கேட் பத்து நிமிடம் மூடித் திறந்தால் என்ன ஆகும்? நிமிடத்துக்கு இரண்டு மூன்று என்று வந்தவை பத்துப் பன்னிரண்டாக வரிசை கட்டி வரும். கேட் திறந்த பிறகு வரும் ஐந்து நிமிடங்களைத் தனியாகவும், மற்ற நிமிடங்களைத் தனியாகவும் எண்ணிக் குறித்து, இரண்டு பட்டியலையும் புளியங்கொட்டை ஆட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.