விண்டோஸா, மேக்கா, லினக்ஸா?

‘வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும், எது நல்லது?’ புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாது. பிரெஞ்சுத் தூதரகத்துக்கு விண்ணப்பம், தமிழில் காதுகுத்து அழைப்பிதழ், கடைக் கணக்கு, கல்யாண வீடியோ என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் முடிக்க நினைக்கும் ஊர் இது.

கேள்வியை அவசரமாக்கியது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 கேட்பதோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத ப்ராசஸர். நன்றாக ஓடும் பழைய மெஷின்கள் பல இதில் தேறுவதில்லை.

எதை விட முடியாது?

விலையைப் பார்ப்பதற்கு முன், எந்த மென்பொருளை விட முடியாது என்று பாருங்கள். டேலி பிரைமில் கணக்கு எழுதும் கடைக்காரருக்கு விண்டோஸ்தான். அந்த மென்பொருள் அதற்காகவே எழுதப்பட்டது. போட்டோஷாப்பில் ஆல்பம் செய்பவர் விண்டோஸ், மேக் இரண்டில் எதையும் எடுக்கலாம். லினக்ஸுக்கு அடோபி அதைத் தருவதில்லை. ஃபைனல் கட் ப்ரோ பழகிய எடிட்டருக்கு மேக்கைத் தவிர வேறு வழியில்லை.

இனி விலை. 2024இல் வந்த எம்4 மேக் மினி, 16 ஜிபி ரேமுடன் 59,900 ரூபாய்க்கு அறிமுகமானது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் தனி. வாங்கிய பிறகு ரேமைக் கூட்ட முடியாது. அசெம்பிள் செய்த பெட்டியில் ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம். உப்புக்காற்று வீசும் கடலோரத்தில் அது சின்ன வசதி அல்ல.

மூன்று மொழி, ஒரு கீபோர்டு

தலையில் சாய்கோடு போட்ட பிரெஞ்சு ‘ஈ’யை (é) அடிக்க, விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்தியபடி எண்பலகையில் 0233 தட்ட வேண்டும், இல்லையேல் பிரெஞ்சு கீபோர்டுக்கு மாற வேண்டும். மேக்கில் ‘ஈ’ (e) விசையை அழுத்திப் பிடித்தால் போதும், வகைகள் மேலே வரிசையாக நிற்கும். லினக்ஸில் கம்போஸ் விசையை ஒருமுறை அமைத்துக்கொண்டால், அதைத் தொட்டு, ஒற்றை மேற்கோளும் எழுத்தும் தட்டினால் வந்துவிடும்.

தமிழுக்கு மூன்றிலும் தமிழ்99 உண்டு. சிக்கல் பழைய டிடிபி ஃபைல்களில். பாமினியில் அடித்த அழைப்பிதழை அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ‘அம்மா’வின் இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் நிற்கும். எழுத்துருவைப் போட்டாக வேண்டும், அல்லது யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

பாட்டு, படம், பழைய பெட்டி

படம் பார்க்க மட்டும் என்றால் கவலையே வேண்டாம். பாரிஸில் மாணவர்கள் தொடங்கிய விஎல்சி மூன்றிலும் இலவசம். வீடியோ வெட்டி ஒட்ட கேடென்லைவ் லினக்ஸிலும் விண்டோஸிலும் காசில்லாமல் கிடைக்கிறது.

ஆகவே பிரவுசர், மெயில், பாட்டு என்று இருக்கும் வீட்டில் விண்டோஸ் 11 ஏறவில்லை என்பதற்காகப் பழைய பெட்டியை எடைக்குப் போட வேண்டாம். லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி, ஹார்டுடிஸ்கைத் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். பிரின்டர், வைஃபை, ஸ்பீக்கர் மூன்றும் வேலை செய்தால், ஃபைல்களை நகலெடுத்துவிட்டு நிறுவலாம். செய்யவில்லையா? அப்போது கடைக்குப் போனால் போதும்.