விடை வேண்டா அழைப்பு

மாலை வேளை. ஓர் இல்லத்திலே கையடக்கத் தொலைபேசி ஒலிக்கின்றது. இரண்டு முறை ஒலித்து ஓய்ந்துவிடுகின்றது. அதனை எடுத்துப் பேச எவரும் விரைந்து செல்லவில்லை. அடுப்படியில் நின்ற தாய், "தம்பி பஸ் ஏறிவிட்டான்" என்று சொல்லியவாறு உலையில் அரிசியை இடுகின்றாள். பேச்சு நிகழவில்லை, பணமும் செலவாகவில்லை, ஆயினும் செய்தி வந்து சேர்ந்துவிட்டது.

நம் நாட்டில் "ரிங் கட்" என்றும், இந்தியாவில் "மிஸ்டு கால்" என்றும் வழங்கும் இவ்வழக்கத்தை நேயர்களுட் பலர் தாமே கையாண்டிருப்பீர்கள். மிக அற்பமானதாகத் தோன்றும் இவ்வழக்கம், வறியவர் தம் சிக்கனத்திற்காகக் கண்ட ஓர் உபாயம். அதனை வாணிக உலகம் எவ்வாறு கற்றுக்கொண்டது, கற்றதனை எவ்வாறு பயன்படுத்தியது என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் இது எவ்வாறு இயல்கின்றது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும். நாம் ஓர் இலக்கத்தை அழுத்தியவுடன், அழைக்கப்படுபவரின் கருவி எப்பிரதேசத்தில் உள்ளது என்பதை வலையமைப்பின் பதிவேடு தேடிக் காண்கின்றது. அப்பிரதேசத்துக் கோபுரங்கள் அக்கருவியை வானலை வழியே கூவி அழைக்கின்றன. கருவி மறுமொழி தந்ததும் மணி ஒலிக்கின்றது. அழைப்பவரின் இலக்கமும் திரையிலே தோன்றுகின்றது. இத்துணை வேலையும் நடந்து முடிந்த பின்னரும் வழக்கமாகக் கட்டணக் கணக்கு ஆரம்பமாவதில்லை. மறுமுனையில் உள்ளவர் அழைப்பை ஏற்கும் கணத்திலேதான் அது ஆரம்பமாகின்றது. ஆகவே, ஏற்கப்படாத அழைப்பொன்று "இன்னார் உம்மை நினைத்தார்" என்னும் செய்தியை இலவசமாகக் கொண்டு சேர்த்துவிடுகின்றது. அச்செய்தியின் பொருள் யாது என்பது இருவரும் முன்னரே செய்துகொண்ட உடன்பாட்டைப் பொறுத்தது. கோயில் மணி வார்த்தை எதனையும் பேசுவதில்லை. எனினும் அது எந்தப் பூசைக்குரிய மணி என்பதை ஊரார் அறிவர் அன்றோ?

இவ்வுபாயம் முற்றிலும் புதியதுமன்று. 1840ஆம் ஆண்டுக்கு முன்னர் பிரித்தானியாவில் கடிதத்திற்குரிய கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே செலுத்தி வந்தார். கட்டணமோ மிக அதிகம். எனவே, கடிதத்தின் வெளிப்புறத்திலே இரகசியக் குறிகளை இட்டு அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. பெறுபவர் குறியைக் கண்டு நலத்தை அறிந்துகொண்டு, கடிதத்தை வாங்க மறுத்துவிடுவார். 1840இல் ஒரு பென்னி முத்திரை வந்தது, கட்டணம் மலிந்தது, அவ்வழக்கமும் மறைந்தது. விலை உயரும்போது மக்கள் மாற்று வழி காண்பர் என்பதும், விலை தாழும்போது அவ்வழியைக் கைவிடுவர் என்பதும் இதனாற் பெறப்படும்.

கையடக்கத் தொலைபேசி நம் நாட்டிற்கு வந்தது 1989ஆம் ஆண்டில். இந்தியாவில் முதல் அழைப்பு 1995ஆம் ஆண்டு யூலை 31ஆந் திகதி கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு விடுக்கப்பட்டது. அந்நாளில் அங்கே ஒரு நிமிஷப் பேச்சின் விலை எட்டு ரூபாவுக்கு மேல். நெரிசல் மிகுந்த வேளையில் அதன் இரட்டிப்பு. பின்னர் முற்பணம் செலுத்திப் பேசும் முறை பரவியது. மாத முடிவில் பற்றுச்சீட்டு அனுப்புவதாயின் வாடிக்கையாளருக்கு நிலையான முகவரியும் வருமானமும் இருத்தல் வேண்டும். முற்பண முறைக்கு அவை வேண்டியதில்லை. கூலி கிடைத்த நாளிற் சிறு தொகைக்கு அட்டை வாங்கலாம். கிடைக்காத நாளில் வாளாவிருக்கலாம். இம்முறையே தொலைபேசியைக் கூலியாளின் கையிலும் கொண்டு சேர்த்தது. ஆனால், மீதி எவ்வளவு என்பதை ஒவ்வொரு நாளும் எண்ணி எண்ணிச் செலவிடும் கவலையையும் அதனுடன் சேர்த்தே கொடுத்தது. "ரிங் கட்" அக்கவலையின் குழந்தையே.

ஆபிரிக்க நாடுகளிலும் இதே வழக்கம் வேரூன்றியது. யொனதன் டொனர் என்னும் ஆய்வாளர், றுவாண்டா நாட்டுச் சிறு வணிகரிடையே இதனை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இவ்வழக்கத்திற்கு எழுதாச் சட்டங்கள் சில உண்டென அவர் கண்டார். அவற்றுள் முதன்மையானது, வசதி படைத்தவரே திரும்ப அழைத்துப் பேச்சின் செலவை ஏற்றல் வேண்டும் என்பது. தொழிலாளி முதலாளிக்கு மணி அடிக்கலாம். முதலாளி தொழிலாளிக்கு அடித்தல் இழிவு. வணிகர் தம் வாடிக்கையாளருக்கு அடித்தலும், காதலிக்க விழையும் இளைஞன் தான் விரும்பும் பெண்ணுக்கு அடித்தலும் தகாதன. நம் ஊர்களிலும் வெளிநாட்டிலுள்ள மகனுக்குத் தாய் மணி அடித்துவிட்டுக் காத்திருப்பதன்றி, மகன் தாய்க்கு அவ்வாறு செய்தல் அழகன்று என்றே கருதினோம்.

இனி, நிறுவனங்களின் பக்கம் நோக்குவோம். ஏற்கப்படாத அழைப்பும் வலையமைப்பின் ஆற்றலை உட்கொள்கின்றது, வருவாயோ தருவதில்லை. இதனைத் தடை செய்வதினும் பயன்படுத்துவதே அறிவுடைமை எனச் சில நிறுவனங்கள் கண்டன. தென்னாபிரிக்காவின் வொடாகொம் நிறுவனம் 2001ஆம் ஆண்டில், "என்னை அழையுங்கள்" என்னும் பொருள்பட ஒரு சிறு செய்தியை இலவசமாக அனுப்பும் சேவையை ஆரம்பித்தது. அச்செய்தியின் அடியில் எஞ்சிய இடம் பின்னர் விளம்பரதாரருக்கு விற்கப்பட்டது. கையிற் காசில்லாதவரின் வேண்டுகோளே விளம்பரப் பலகையாயிற்று. இக்கருத்தை நிறுவனத்திற்கு எடுத்துரைத்தவர், அங்கு கணக்கியற் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ந்கோசானா மகாத்தே என்னும் இளைஞர். தமக்கு வாக்களிக்கப்பட்ட பங்கு கிடைக்கவில்லை என அவர் வழக்குத் தொடுத்தார். 2016ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தொகை பற்றிய பிணக்கோ மேலும் பல ஆண்டுகள் நீடித்தது.

இந்தியாவில் இது வேறொரு வடிவம் கொண்டது. பெங்களூரில் 2010ஆம் ஆண்டில் எழுந்த சிப்டயல் என்னும் நிறுவனம், பொருள்களின் விளம்பரங்களில் ஒரு தொலைபேசி இலக்கத்தை அச்சிடச் செய்தது. அதற்கு ஒரு வெற்றழைப்பு விடுத்தவருக்குச் செய்தியோ பரிசு விபரமோ திரும்பி வரும். 2015ஆம் ஆண்டில் இந்நிறுவனத்தை டுவிற்றர் நிறுவனம் விலைக்கு வாங்கியது.

வானொலி நேயர்களாகிய நம் கவனத்திற்கு உரியது மற்றொரு முயற்சி. மின்சாரமும் தொலைக்காட்சியும் சரிவர எட்டாத பீகார்க் கிராமங்களில், இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 2013ஆம் ஆண்டளவில் "கான் கஜூரா தேசன்" என்னும் பெயரில் ஒரு தொலைபேசி நிலையத்தை நிறுவியது. குறித்த இலக்கத்திற்கு வெற்றழைப்பு விடுத்தால், நிலையமே திரும்ப அழைக்கும். பாட்டும் நகைச்சுவையும், இடையிடையே சவர்க்கார விளம்பரமும் செவியில் ஒலிக்கும். கேட்பவருக்குச் செலவில்லை. வானொலிப் பெட்டி செய்த பணியைக் கைத்தொலைபேசி செய்தது. ஆனால் வேற்றுமை ஒன்று உண்டு. வானொலியைக் கேட்பவர் யாரென வானொலி நிலையம் அறியாது. தொலைபேசி நிலையமோ தன்னை நாடிய ஒவ்வொருவரின் இலக்கத்தையும் அறியும். எந்நேரம் அழைத்தார், எத்துணை நேரம் கேட்டார் என்பதையும் அறிய வல்லது. காசு வாங்காத கடையில் விலையாகச் சென்றது இவ்விபரமே.

வணிகர் கற்ற பாடத்தை வஞ்சகரும் கற்றனர். அறியாத இலக்கத்திலிருந்து ஒரு முறை மணி ஒலித்து ஓயும். யாரோ என்று திரும்ப அழைப்பவர், மிகுந்த கட்டணமுள்ள ஓர் இணைப்பிற் சிக்கிக்கொள்வார். "ஒலித்துத் துண்டித்தல்" எனப் பொருள்படும் "வன்கிரி" என்பது யப்பானியர் இம்மோசடிக்கு இட்ட பெயர். திரும்ப அழைத்தல் என்னும் நல்லொழுக்கமே இங்கு கண்ணியாகின்றது. அறியாத வெளிநாட்டு இலக்கத்திற்குத் திரும்ப அழையாதிருத்தல் இதற்குரிய எளிய காப்பு.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஜியோ நிறுவனம், பேச்சுக்குத் தனிக் கட்டணமில்லை, இணையத் தரவுக்கே கட்டணம் என்னும் முறையுடன் சந்தைக்கு வந்தது. இலங்கையிலும் இணையவழிப் பேச்சும் செய்தியும் பெருகிவிட்டன. பென்னி முத்திரை வந்தபோது உறைமேற் குறி மறைந்தது போன்று, "ரிங் கட்" வழக்கமும் தேய்ந்து வருகின்றது. இதற்காக வருந்த வேண்டியதில்லை. தாயின் குரலைக் கேட்பதற்கு மீதிக் காசை எண்ண வேண்டியிராத காலம் நல்ல காலமே.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. முன்னர்த் தொலைபேசி நிறுவனம் நம்மிடம் காசைப் பெற்றது. அதனை நாம் எண்ணினோம், எண்ணியமையால் எதற்குக் கொடுக்கின்றோம் என்பதையும் அறிந்திருந்தோம். இன்று இலவசமெனத் தரப்படும் சேவைகள் பல நம் இலக்கத்தையும் விருப்பத்தையும் நேரத்தையும் பெற்றுக்கொள்கின்றன. இவற்றை நாம் எண்ணுவதில்லை. இரண்டு முறை ஒலித்த மணிக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டு வாழ்ந்த மக்கள், "இதன் விலை என்ன?" என்னும் அதே வினாவை இலவசப் பொருளை நோக்கியும் எழுப்புதல் வேண்டும். அச்சிக்கன புத்தி ஏழ்மையோடு வந்ததாயினும், ஏழ்மையோடு போய்விட வேண்டியதன்று.