றபானும் பன்னிரண்டு இயந்திரக் கைகளும்

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கொடியேற்ற நாட்களில் பக்கீர் பாவாமார் பைத்துப் பாடி அடிப்பது றபான். ஒரு பக்கம் மட்டும் தோல். தளர்ந்தால் அனலில் காட்டுவார்கள்.

இதன் உறவான இந்திய வட்டக் கொட்டுகளைக் கை படாமல் அடிக்கிறது ‘மஹாதேவிபொட்’. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த காலத்தில் அஜய் கபூர் உருவாக்கிய 12 கை இயந்திரம். மின்காந்தம் இழுக்க, கோல் தோலில் விழும். கபூரின் சித்தாரில் பொருத்திய உணரிகள் விரலசைவைக் கணினிக்குச் சொல்ல, இயந்திரம் கூடவே தாளம் போடும். வேகத்தைக் காட்ட ஆடும் தலையும் உண்டு. பாவாமாரும் தலையாட்டித்தானே அடிக்கிறார்கள்!

கொட்டும் இயந்திரம் புதிதல்ல: பொறியாளர் அல் ஜஸரீ 1206இல் முடித்த நூலிலேயே படகில் அமர்ந்து நீர்விசையால் இசைக்கும் நான்கு பாவைகள் வருகின்றன. சுழலும் உருளையின் முளைகள் நெம்ப, கொட்டு ஒலிக்கும். பக்கத்தில் பாடுபவரின் குரல் மட்டும் அவற்றுக்குக் கேட்காது.